அண்ணன் சொன்ன பதில்

திராட்சைப் பந்தலுக்குக் கீழே இன்னும் இருட்டு விலகவில்லை. பிசிலா ஒரு கையால் குலையின் காம்பைப் பிடித்து மறுகையால் கத்தரியை வைத்தாள். காம்பு அறுந்ததும் குலையைத் தலைகீழாகத் திருப்பி, வெம்பியதையும் வெடித்ததையும் நறுக்கி உதிர்த்தாள். பழத்தில் விரல் படாமல், காம்பை மட்டும் பிடித்துப் பெட்டியில் இறக்க வேண்டும். மேலே படிந்திருக்கும் வெண்பூச்சு கலைந்தால் கடைக்காரன் வாங்க மாட்டான். பெட்டியை நோக்கிக் குனிந்தபோது அடிவயிற்றின் வலப்பக்கம் எதுவோ சுண்டி இழுத்தது. தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அது போகும்வரை நின்றாள்.

இலைகளுக்கு அந்தப் பக்கம் லோசே அறுத்துக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். அவள் முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும்.

"இது எனக்கு. இது எனக்கு. இது என் மகனோட பள்ளிக்கூடத்துக்கு. இது எனக்கு. இது வரிக்கு."

"வரிக்குப் போடறது அழுகினதாப் பார்த்துப் போடுக்கா," என்றாள் பக்கத்து வரிசையிலிருந்து ஒருத்தி.

"அழுகினத வாங்க மாட்டாங்கடி. நல்லதாப் பார்த்துத்தான் எடுப்பாங்க. மூணு வருஷமாக் குடுக்கிறேன். டவுன் ஆஸ்பத்திரியில ஒரு கட்டிலுக்கு நாலு காலும் நான் வாங்கிப் போட்டதுதான். மெத்தைக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்."

சிரித்தார்கள். பிசிலாவும் சிரிக்கப் பார்த்தாள்.

"நேத்து என் வீட்டுக்காரன் போன்ல," லோசே குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள், "நீ இல்லாம கட்டில் ரொம்பப் பெருசாத் தெரியுதுங்கறான். கட்டில் பெருசாகலடா, நீதான் சுருங்கிட்டேன்னு சொன்னேன். எவ்வளவு சுருங்கியிருக்கேன்னு காட்டுன்னு..."

"அண்ணனும் தங்கச்சியும் இருக்காங்க," என்று வரிசையின் முனையிலிருந்து ஒரு குரல் வந்தது.

லோசே அப்படியே நிறுத்தினாள். கத்தரிகளின் சத்தம் மட்டும் கேட்டது. மண்ணில் பூட்ஸ் கால்கள் நடந்து வந்தன. மானாசே நிறைந்த பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே வந்தான். பிசிலாவின் பெரியப்பா மகன். டோங்காத் தீவுகளிலிருந்து சீசனுக்குப் பழம் பறிக்க வந்த இந்தக் குழுவுக்கு அவன்தான் தலைவன். இங்கிலீஷ் தெரிந்தவன், வண்டி ஓட்டத் தெரிந்தவன். ஹாபாய் தீவில் இருவரும் ஒரே வளவில் வளர்ந்தார்கள். பிசிலா பெரியவளான அன்று அவன் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு பையன்கள் படுக்கும் குடிசைக்குப் போனான். அதன் பிறகு அவள் இருக்கும் கூரைக்குக் கீழே அவன் படுத்ததில்லை. அவளுக்கு எதிரில் கெட்ட வார்த்தை பேசியதில்லை. அவள் இருக்கும் அறையில் டிவியில் யாராவது யாரையாவது கட்டிப்பிடித்தால் அவன் எழுந்து போய்விடுவான். அவன் மறந்தால் அவள் எழுந்து போவாள். அவள் வயதில் சிறியவள், ஆனாலும் அவளைவிட அவன் தாழ்ந்தவன். டோங்காவில் தங்கை என்றால் அப்படித்தான்.

"பிசிலா, பெட்டி குறையுது," என்றான், பெட்டியைப் பார்த்து.

"சரி அண்ணா."

அவன் அடுத்த வரிசைக்குப் போனான். லோசே இலைகளை விலக்கித் தலையை உள்ளே நீட்டினாள்.

"முகம் ஏன்டி இப்படி இருக்கு?"

பிசிலா கத்தரியைப் பெட்டி ஓரத்தில் வைத்தாள். நாள் தள்ளிப் போயிருக்கிறது என்றாள். கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போனபோது. இரண்டு நாளாகக் கொஞ்சம் ரத்தம் படுகிறது, வலிக்கிறது.

பிசிலாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். அவள் கணவன் ஃபினௌ மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிறான். ஒவ்வொரு வருஷமும் புத்தாண்டுப் பிரார்த்தனை வாரத்தில் அவளுக்கு ஒரு குழந்தை வேண்டி ஊர் முழுவதும் ஜெபித்தது எல்லோருக்கும் தெரியும்.

"அவன்கிட்ட சொன்னியா?"

"யார்கிட்டயும் சொல்லல. போன வருஷம் வாவாவு தீவுக்காரி ஒருத்தி முழுகாம இருக்கறது தெரிஞ்சதும் அடுத்த வாரமே டிக்கெட் போட்டு அனுப்பிட்டாங்க. வீட்டுக்குக் கூரை போடற வரைக்கும் இருந்துட்டு, நாமளா சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"டாக்டர்கிட்ட போகணும்."

"யாரு கூட்டிட்டுப் போவா?"

இருவரும் மானாசே போன பக்கம் பார்த்தார்கள்.

"மெல்பர்ன்ல என் அக்கா மக ஒருத்தி இருக்கா," என்றாள் லோசே. "அவ டாக்டர்கிட்ட போனா போன்ல நம்ம ஊர்ப் பொம்பளய கூப்பிடுவாங்களாம். எல்லாத்தையும் அவகிட்ட நம்ம பாஷையில சொல்லலாம். மானாசே வெளியில நிக்கட்டும். நான் அவன்கிட்ட வயித்து வலின்னு மட்டும் சொல்றேன். போன்காரியக் கூப்பிடச் சொல்லுன்னும் சொல்றேன். அவன் புத்திசாலி, புரிஞ்சுப்பான்."

மறுநாள் மத்தியானம் மானாசே வேனை எடுத்தான். முன்சீட்டு காலியாக இருந்தது. பிசிலா கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

கிளினிக்கில் குளிர் அதிகமாக இருந்தது. இருவரும் நடுவே இரண்டு நாற்காலி விட்டு உட்கார்ந்தார்கள். எதிரில் ஒரு வயதான வெள்ளைக்காரர் முழங்காலில் கட்டுடன் இருந்தார். அவர் பெயரைக் கூப்பிட்டதும் பர்ஸிலிருந்து, இந்த நாட்டுக்காரர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் பச்சை மருத்துவ அட்டையை எடுத்து வரவேற்பு மேஜைமேல் வைத்தார். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவுதான், அவர் உள்ளே போய்விட்டார்.

மானாசே எழுந்து போய் மேஜைக்கு முன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

"பச்சை அட்டை இருக்கா?"

"இல்லீங்க. கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கு."

"அப்போ இங்க முதல்ல கட்டிடுங்க, அப்புறம் அவங்ககிட்ட வாங்கிக்கலாம். சரியா?"

அவன் கட்டினான். பிறகும் நகராமல் நின்றான்.

"போன்ல டோங்கா பாஷை பேசறவங்க வேணும். பொம்பளையா இருந்தா நல்லது."

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். நரைத்த முடியை உயர்த்திக் கட்டியிருந்தாள். நல்ல முகம்.

"அது அரசாங்கம் பணம் குடுத்து நடத்துறதுப்பா. பச்சை அட்டை இருக்கறவங்களுக்குத்தான் அதுலேர்ந்து கூப்பிட முடியும். மத்தவங்களுக்கு நாமளே தனியா ஏற்பாடு பண்ணணும். அதுக்கு முன்கூட்டியே சொல்லணும், செலவும் ஆகும். இன்னைக்கு முடியாது."

"நாங்களும் அரசாங்கத்துக்குக் கட்டறோம்," என்றான் மானாசே. மரியாதையாகத்தான் சொன்னான். "வாரா வாரம் சம்பளத்துல புடிக்கிறாங்க. எங்க எல்லாருக்கும்."

"தெரியும்ப்பா. என் கையில இல்ல." அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். "உங்களுக்கு இங்கிலீஷ் நல்லா வருதே. நீங்களே கூட உள்ள போய்ச் சொல்லுங்களேன். அண்ணன்தானே? வேத்து மனுஷங்களவிட அண்ணன் நல்லதுதானே."

அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

டாக்டர் இளைஞர். பிசிலாவைக் கட்டிலில் உட்காரச் சொன்னார். மானாசே கதவருகே, சுவரைப் பார்த்தபடி நின்றான். சுவரில் முதுகெலும்பின் படம் ஒன்று இருந்தது.

"என்ன பண்ணுது?"

"வயித்து வலி," என்றான் மானாசே.

"எந்த இடத்துல?"

மானாசே கேட்டான். பிசிலா வலது கையை வயிற்றின் மேல் எங்கோ பொதுவாக வைத்தாள். டாக்டர் அங்கங்கே அழுத்தினார். ஓரிடத்தில் அவள் மூச்சை உள்ளிழுத்தாள், ஆனால் சத்தம் வரவில்லை.

"வாந்தி? காய்ச்சல்?"

"இல்ல."

டாக்டர் நாற்காலிக்குத் திரும்பினார். "கடைசியா மாதவிலக்கு எப்போ வந்துச்சுன்னு கேளுங்க."

மானாசேவின் கையிலிருந்த தொப்பியின் விளிம்பு மடிந்தது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார், அவனுக்குப் புரியவில்லை போலும் என்று நினைத்து அதையே இன்னும் எளிமையான வார்த்தைகளில் சொன்னார். அந்த வார்த்தைகள் இன்னும் மோசமாக இருந்தன. அறையில் அந்தக் கேள்வி நின்றுகொண்டிருந்தது. அவர்களுடைய மொழியில் அதற்கு வார்த்தை உண்டு, ஆனால் இந்த உலகத்தில் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாத ஒரே ஆளிடம் அவன் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

அவன் முதுகெலும்பின் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "வலி எந்தக் கிழமையிலேர்ந்து ஆரம்பிச்சுதுன்னு கேக்கறார்."

"ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை," என்றான் டாக்டரிடம்.

"ஓ. அப்போ வலிக்கு அதுவே காரணமா இருக்கலாம்." டாக்டர் தட்டச்சு செய்தார். "கர்ப்பமா இருக்க வாய்ப்பு ஏதாவது இருக்கா?"

அந்த வார்த்தை பிசிலாவுக்குத் தெரியும். குழுவை அனுப்புவதற்கு முன் நடந்த கூட்டத்தில் அதைப் பலமுறை சொல்லியிருந்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள். அவன் வாய் திறப்பதற்காகக் காத்திருந்தாள். அவன் கேட்டிருந்தால் தலையை மட்டும் அசைத்திருப்பாள். அது போதும். வார்த்தை தேவையில்லை.

"இல்ல," என்றான் மானாசே. "புருஷன் ஊர்ல இருக்கார்."

டாக்டர் தலையாட்டினார். வேண்டுமானால் ஒரு பரிசோதனை செய்யலாம், ஆனால் அதற்குத் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும், அவசியம் இருப்பதாகத் தெரியவில்லை என்றார். வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதிகமானால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். மானாசே இதை மட்டும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தான்.

பிசிலா கட்டிலிலிருந்து இறங்கினாள். அவளும் எதுவும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் மானாசே கடையில் நிறுத்தி ரொட்டியும் டின் மாட்டிறைச்சியும் ஒரு பெரிய தர்பூசணியும் வாங்கி வந்து பின்கதவைத் திறந்து அவள் பக்கத்தில் வைத்தான். தர்பூசணி வளைவுகளில் உருண்டு அவள் காலில் இடித்துக்கொண்டே வந்தது.

பெண்கள் தங்கும் தகரக் கொட்டகையில் லோசே பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"போன்காரி என்ன சொன்னா?"

"போன் கிடையாதாம். பச்சை அட்டை இருக்கறவங்களுக்குத்தானாம்."

லோசே கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்தாள். "அப்போ யார் பேசினது?"

பிசிலா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"அவன் கேட்டானா?"

"எப்படிக்கா கேப்பார்?"

லோசே மறுபடி பூண்டை எடுத்து உரித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் லோசே. "கட்டில் காலுக்கு நம்ம காசு. போன்காரிக்கு நம்ம காசு. அவ போனை எடுத்து நம்மகிட்ட நல்லாருக்கியான்னு ஒரு வார்த்தை கேக்க முடியாது." பிறகு, "நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போயிடலாம். நான் கையக் காட்டிக் காட்டியாவது சொல்றேன்," என்றாள்.

"மாத்திரை போட்டா குறையுதுக்கா. இப்போ போய்த் தெரிஞ்சா டிக்கெட் போட்டுடுவாங்க. ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்."

அவள் வயிற்றின் மேல் கையை வைத்திருந்தாள். லோசே அதைப் பார்த்தாள். வற்புறுத்த வேண்டும் என்று தோன்றியது. ஆனால் ஆறு வருஷத்துக்குப் பிறகு ஒருத்தி அப்படிக் கையை வைத்திருக்கும்போது எதைச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரை போகவில்லை. வெள்ளிக்கிழமை வெயில் ஏறியபோது பிசிலா நிறைந்த பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தாள், அதன் மேலேயே சாய்ந்தாள். பிறகு பெட்டியோடு மண்ணில் விழுந்தாள். லோசே பந்தலுக்கு அடியில் தவழ்ந்து இந்தப் பக்கம் வந்தபோது அவள் உதடுகள் வெளுத்திருந்தன. தோளில் வலிக்கிறது என்று சொன்னாள். தோளில் ஏன் வலிக்க வேண்டும் என்று லோசேவுக்குப் புரியவில்லை. மானாசே ஓடி வந்து ஐந்தடி தள்ளியே நின்றான். அவள் பாவாடையில் ரத்தம் இருந்தது. அவன் தன் சட்டையைக் கழற்றி லோசேவிடம் வீசினான், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. "மூடு," என்றான். "மூடுக்கா."

ஆஸ்பத்திரியில் அவளை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். யாரும் அட்டை கேட்கவில்லை. அறுவை முடிந்து வந்த டாக்டரம்மா பச்சைத் தொப்பியைக் கழற்றாமலே தாழ்வாரத்தில் மானாசேவிடம் பேசினார்.

"பிழைச்சுட்டாங்க. வயித்துக்குள்ள ரத்தம் நிறையக் கொட்டியிருக்கு, தோள் வலியும் அதனாலதான். கரு கர்ப்பப்பைக்கு வராம குழாய்லயே வளர்ந்து வெடிச்சிருக்கு. அந்தக் குழாயை எடுத்தாச்சு."

"இன்னொண்ணு இருக்குல்ல?"

"அதைப் பத்தி அவங்ககிட்டதான் பேசணும்." அவர் தயங்கினார். "கிளினிக்ல கேட்டுப் பார்த்தேன். மாதவிலக்கு ஞாயித்துக்கிழமைதான் வந்ததுன்னு பதிவாகியிருக்கு. கர்ப்பத்துக்கு வாய்ப்பே இல்லைன்னும் இருக்கு. இதெல்லாம் யார் சொன்னது?"

"நான்," என்றான் மானாசே.

டாக்டரம்மா உள்ளே திரும்பிப் போனார்.

மறுநாள் காலை ஒரு நர்ஸ் பிசிலாவின் கட்டில் மேல் போனை வைத்து ஒலிபெருக்கியை அழுத்தினாள். பெரியாஸ்பத்திரியில் அதற்கு அட்டை வேண்டியிருக்கவில்லை. எங்கிருந்தோ ஒரு டோங்காப் பெண்ணின் குரல் வந்தது. வணக்கம் சொன்னது. எந்தத் தீவு, எந்த ஊர், யார் மகள் என்று கேட்டது. பிறகு டாக்டரம்மா சொன்னதையெல்லாம் மெதுவாக, நல்ல வார்த்தைகளாகத் தேர்ந்தெடுத்துச் சொன்னது. இன்னொரு குழாயும் பழைய ஏதோ நோயால் ஒட்டிப்போயிருக்கிறது. இனிமேல் இயற்கையாகக் குழந்தை உண்டாகாது. நாலு நாள் முன்னால் தெரிந்திருந்தால் மருந்திலேயே பார்த்திருக்கலாம், குழாயைக்கூடக் காப்பாற்றியிருக்கலாம், அதற்கு மேல் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

"புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டது போன்.

"புரிஞ்சுது."

"ஏதாவது கேக்கணுமா?"

பிசிலா ஜன்னலைப் பார்த்தாள். போனில் அந்தப் பெண் காத்திருக்கும் மூச்சு கேட்டது. அவளும் அவசரப்படுத்தவில்லை.

"இல்லக்கா," என்றாள் பிசிலா. "நம்ம பாஷையில பேசினதுக்கு நன்றி."

மூடியிருந்த கதவுக்கு வெளியே மானாசே முதுகைத் திருப்பி நின்றுகொண்டிருந்தான். உள்ளே என்ன பேசப்படுகிறது என்று காதில் விழாதபடி கொஞ்சம் தள்ளி. உள்ளே பிசிலாவோடு இருந்த லோசே எழுந்து வெளியே வந்து, தாழ்வாரத்தின் கடைசி வரை நடந்து, மறுபடி வந்தாள்.

ஜெனீன் அன்று மாலை வந்தாள். ஆள் எடுத்துக் கொடுக்கும் கம்பெனியில் தீவுக்காரர்களின் நலனைப் பார்த்துக்கொள்பவள். பூக்கள் வாங்கி வந்திருந்தாள். இன்ஷூரன்ஸ்காரர்களிடம் பேசிவிட்டதாகச் சொன்னாள். மானாசே கேட்டு லோசேவுக்குச் சொன்னான்.

"கர்ப்பம் சம்பந்தப்பட்ட எதுக்கும் பன்னிரண்டு மாசம் காத்திருக்கணுமாம். அதுக்கு முன்னால குடுக்க மாட்டாங்களாம்."

"இவ வர ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சே."

மானாசே கேட்டான். "ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் புதுசா ஆரம்பிக்குமாம். இது ஜனவரியில போட்டது."

"வரி எப்போலேர்ந்து புடிக்கிறாங்கன்னு கேளு."

"அக்கா."

"கேளு."

மானாசே கேட்டான். ஜெனீன் கைப்பைக்குள் எதையோ தேடினாள்.

"முதல் நாள்லேர்ந்து," என்றாள். "ஆனா அது வேற, இது வேற. ரெண்டையும் சேர்த்துப் பார்க்கக் கூடாது." பிறகு, பிசிலா ஆறு வாரத்துக்கு எதையும் தூக்கக் கூடாது, பறிக்கும் வேலையைத் தவிர வேறு வேலை இல்லை, வீட்டிலேயே ஓய்வெடுப்பதுதான் அவளுக்கு நல்லது என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் போட்டிருந்தார்கள். டிக்கெட்டுக்குக் காசு வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டியதை மானாசே தன் பேரில் எழுதி வாங்கிக்கொண்டான். வரி போக வருகிற சம்பளத்தில் வாரா வாரம் பிடித்துக்கொள்ளச் சொன்னான்.

அந்த வாரம் முழுவதும் அவன் பெண்கள் கொட்டகைப் பக்கம் வரவில்லை. வரிசைகளில் அவன் நடந்து போகும்போது எச்சரிக்கைக் குரல் கொடுக்க யாருக்கும் தேவையிருக்கவில்லை. யாரும் சிரிக்கும்படி எதையும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை லோசே கதவைத் திறந்தபோது அவன் கொட்டகைக்கு முன் வெட்டவெளி மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். இடுப்பில் கிழிந்த பழைய பாயைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தான். கழுத்தைச் சுற்றி இலைகள். ஊரில் பெரிய தப்பு செய்தவன் இப்படிக் கிழிந்த பாயைக் கட்டி, இஃபி மர இலைகளைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தலைகுனிந்து, தப்புக்கு ஆளானவர்களின் வாசலில் போய் உட்காருவான். அவர்கள் கையால் அந்த இலையை எடுக்கும்வரை அவன் எழுந்திருக்கக் கூடாது, பேசக் கூடாது. எடுத்தால் மன்னிப்பு. எடுக்காமலும் போகலாம். இஃபி மரம் இந்த மண்ணில் இல்லை. மானாசே திராட்சை இலைகளைக் கோத்திருந்தான். அவை வெயிலில் ஏற்கனவே சுருளத் தொடங்கியிருந்தன.

லோசே அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அறிந்து இந்தக் குழுவில் யாரும் இதைச் செய்ததில்லை. கோயிலுக்குப் போகக் கிளம்பியிருந்த ஆண்கள் தங்கள் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை.

ஜெனீனின் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. விமான நிலையத்துக்கு நீண்ட தூரம், சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று முந்தைய நாளே சொல்லியிருந்தாள். எஞ்சினை நிறுத்தாமல் இறங்கியவள் மானாசேவைப் பார்த்து நின்றாள். அவள் முகம் மலர்ந்தது.

"எவ்வளவு அழகா இருக்கு. வழியனுப்பற சடங்கா?"

லோசேவுக்கு அந்தக் கேள்வி ஏறத்தாழப் புரிந்தது. இல்லை என்று சொல்வதற்கு வேண்டிய இங்கிலீஷ் அவளிடம் இல்லை. "யெஸ்," என்றாள்.

ஜெனீன் போனை எடுத்தாள். ஒரு படம் எடுத்தாள். பின்னால் திராட்சைப் பந்தல் தெரியும்படி தள்ளி நின்று இன்னொன்று எடுத்தாள். மானாசே தலையை நிமிர்த்தவில்லை.

பிசிலா வெளியே வந்தாள். ஊருக்குப் போவதற்கான நீலக் கவுன் போட்டிருந்தாள். லோசேவின் தோளைப் பிடித்துப் படியிறங்கி, அவனுக்கு எதிரில் வந்து நின்றாள். பார்த்துக்கொண்டே நின்றாள். நெடுநேரம். அவள் திரும்பிப் போய்விடுவாள் என்றுகூட லோசேவுக்குத் தோன்றியது. போனாலும் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள்.

பிறகு அவள் குனிந்தாள். பாதி குனிந்ததும் தையல் இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். மறுபடி முயன்றாள். கை அவன் கழுத்துக்கு எட்டவில்லை.

"ஐயோ, குனியக் கூடாது," என்று ஜெனீன் பதறி முன்னால் வந்தாள். "டாக்டர் சொல்லியிருக்கார். அவரை எழுந்திருக்கச் சொல்லுங்க. அவர் எழுந்தா எட்டுமே. யாராவது அவங்ககிட்ட சொல்லுங்களேன்."

அதை மொழிபெயர்க்க ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

பிசிலா லோசேவின் கையை விட்டாள். ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றினாள். மூச்சு வாங்கினாள். மற்ற முழங்காலையும் ஊன்றி, கையால் தரையைத் தாங்கி, மெல்ல மெல்ல இறங்கி அண்ணனுக்கு எதிரில் புழுதியில் உட்கார்ந்தாள். நீலக் கவுனில் மண் ஒட்டியது. கதவு திறந்திருந்த வண்டியில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஜெனீன் மணியைப் பார்த்தாள். பிசிலாவின் கை அந்த இலைகளைத் தொட்டது, ஆனால் எடுக்கவில்லை. இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.